தாஊனும் சூடறியும் கிருமியும்

எலியால் வரும் நோய் என்றதும் எங்கட வன்னியில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது எலிக்காய்ச்சல்தான். வயலில் இறங்கமுதல் டொக்சிசைக்கிளின் குளிசை போடச் சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வற்புறுத்துவது அதற்காகத்தான். ஹதீஸ்களில் வரும் 'தாஊன்' என்பதும் இதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை, அது வேறு. எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால், சேற்றால் தொற்றுவது. தாஊன் என்பது பிளேக். அது பெரும்பாலும் எலியின் உடம்பில் வாழும் தெள்ளு கடிப்பதால் பரவுவது. தெள்ளின் பங்கை 1898இல் கராச்சியில் செய்த பரிசோதனை மூலம் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் காட்டினார். 1914இல் இந்நோய் கொழும்புக்கும் வந்து சேர்ந்தது.

பிளேக் கிருமியின் பெயர் யெர்சீனியா பெஸ்டிஸ். அதற்கு இரண்டு வீடுகள். ஒன்று தெள்ளின் வயிறு. தெள்ளுக்கென்று தனிச் சூடு கிடையாது. வெளியில் என்ன சூடோ அதுதான் அதன் உடம்பிலும். மற்றது எலியின் அல்லது மனிதனின் உடம்பு. அங்கே ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். கண்ணில்லாத கிருமி, தான் எந்த வீட்டில் இருக்கிறது என்பதை அறிய உதவும் முக்கிய அடையாளம் இந்தச் சூடுதான்.

கிருமியின் வெளிச்சுவரில் 'பிளா' என்றொரு நொதியம் இருக்கிறது. 37 பாகையில் அது நம் இரத்தத்திலுள்ள பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மின் ஆக்குகிறது. பிளாஸ்மின் இரத்தக்கட்டியைக் கரைப்பது. கடிவாயில் கிருமியைச் சிறைப்பிடிக்க உடம்பு கட்டும் வேலி இதனால் அவிழ்ந்து போகிறது. இந்த நொதியத்தை நீக்கிய கிருமியைத் தோலின் கீழ் ஏற்றியபோது, எலியைக் கொல்லப் பத்து இலட்சம் மடங்கு அதிகமான கிருமிகள் தேவைப்பட்டன என்று 1992இல் வெளியான ஆய்வு காட்டியது.

வியப்பு என்னவென்றால், 30 பாகைக்குக் கீழே இதே நொதியம், வலு குறைவாக என்றாலும், முயலின் இரத்தநீரை உறைய வைக்கிறது. சூட்டில் கரைக்கும் கை, குளிரில் கட்டும் கை!

இதை வைத்து 1971இல் கவனா என்ற ஆய்வாளர் ஓர் அழகான விளக்கம் சொன்னார். குளிர்ந்த காலத்தில் தெள்ளின் வயிற்றில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். பசி தீராத தெள்ளு திரும்பத் திரும்பக் கடித்து நோயைப் பரப்பும். வெயில் ஏறினால் அடைப்புக் கரைந்து நோய் தணியும். வட இந்தியாவில் கோடையில் பிளேக் அடங்கியதற்கு இது பொருந்தி வந்தது. ஆனால் பிளா இல்லாத கிருமியும் தெள்ளின் வயிற்றை அடைக்கிறது என்று 1998இல் தெரியவந்தது. அடைப்புக்குக் காரணம் கிருமி சுரக்கும் ஒருவகைப் பசை. அந்தப் பசைக்கு வேண்டிய வேறொரு நொதியம் 37 பாகையில் சிதைந்துவிடுகிறது. சூடுதான் காரணம் என்பது நிலைத்தது. எந்த நொதியம் என்பது மாறிவிட்டது.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், அங்கே இருப்பவர்கள் தப்பியோட வெளியேறாதீர்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். ஷாமுக்குப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்ற இடத்தில் நோய்ச் செய்தி கேட்டு, தோழர்களுடன் ஆலோசித்து, திரும்பிப் போக முடிவு செய்தார்கள். இது விதியிலிருந்து ஓடுவதா என்ற கேள்விக்கு, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குப் போவதாகவே அவர்கள் விளக்கினார்கள். ஹிஜ்ரி 18இல் அந்த அம்வாஸ் பிளேக்கில் அபூ உபைதா (ரலி) அவர்கள் வபாத்தானார்கள்.

இந்த ஹதீஸுக்குள் கிருமியையும் நொதியத்தையும் தேடிக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 1971இன் விளக்கத்தோடு யாராவது ஹதீஸை முடிச்சுப் போட்டிருந்தால் 1998இல் என்ன சொல்லியிருப்பார்? விஞ்ஞானம் தன்னைத் தானே திருத்திக்கொண்டு நடப்பது. அதுதான் அதன் பலம். ஹதீஸ் கேட்பது மனிதனின் பொறுப்பை: உன்னால் இன்னொருவருக்குத் தீங்கு போகக்கூடாது. அதை ஏற்க நொதியத்தின் சாட்சி வேண்டியதில்லை. நொதியத்தை அறிய நம் பிள்ளைகள் ஆய்வுகூடத்துக்குப் போகட்டும்.