காற்றும் துளியாகும்!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

மார்கழி மாதத்து விடியற்காலையில் வைக்கோற் போரின் மேலும் புல் நுனியிலும் பனித்துளிகள் படிந்திருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இரவில் மழை பெய்யவில்லை. எவரும் நீர் தெளிக்கவுமில்லை. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவியே குளிர்ந்து துளியாயிற்று. அப்படியானால், நாம் சுவாசிக்கும் காற்றையே குளிர்வித்துத் துளியாக்க முடியுமா? முடியும் என்கிறது விஞ்ஞானம்.

வாயுவின் மூலக்கூறுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பவை. அவற்றிற்கிடையே ஈர்ப்பு உண்டு; எனினும் வேகம் மிகுதியாக இருக்கும்போது அந்த ஈர்ப்பு பலிப்பதில்லை. திருவிழாக் கூட்டத்தில் ஓடுகிறவனைக் கைப்பிடித்து நிறுத்த முடியாது; மெல்ல நடப்பவனை நிறுத்திப் பேசலாம் அல்லவா? வெப்பநிலை குறையக் குறைய மூலக்கூறுகளின் வேகம் தளர்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு கூட்டமாகின்றன. மிகச் சிறிய கூட்டம் எளிதில் கலைந்துவிடும். தூசியோ, பாத்திரத்தின் சுவரோ பற்றுக்கோடாகக் கிடைத்தால் அது நிலைத்து, வளர்ந்து, துளியாகிறது.

குளிர்விக்காமல் அழுத்தினால் மட்டும் போதாதா எனலாம். 1869-ல் தாமஸ் ஆண்ட்ரூஸ் இதற்கு விடை கண்டார். ஒவ்வொரு வாயுவிற்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலை உண்டு. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. கரியமில வாயுவிற்கு அது 31 டிகிரி சென்டிகிரேடு. ஆக்சிஜனுக்கோ சுழிக்குக் கீழே 119 டிகிரி. நைட்ரஜனுக்குக் கீழே 147 டிகிரி. இதனாலேயே 1823-ல் குளோரினைத் திரவமாக்கிய மைக்கேல் ஃபாரடேயாலும் ஆக்சிஜனைத் திரவமாக்க இயலவில்லை. அக்காலத்தார் இவற்றிற்கு 'நிரந்தர வாயுக்கள்' என்றே பெயரிட்டுவிட்டனர்.

1877 டிசம்பரில் பிரான்சு நாட்டுக் கையெத்தே, ஆக்சிஜனைச் சுமார் 300 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைத்துக் குளிர்வித்து, அழுத்தத்தைச் சட்டென விடுவித்தார். கண்ணாடிக் குழாயினுள் ஒரு கணம் மூடுபனி தோன்றி மறைந்தது. அந்த மூடுபனிதான் ஆக்சிஜன் துளிகள்! காற்றடைத்த சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்தால் வெளிவரும் காற்று குளிர்ச்சியாக இருப்பதை அறிவோம். விரிகின்ற வாயு தன் ஆற்றலைச் செலவிட்டுக் குளிர்கிறது. 1895-ல் ஜெர்மானியரான லிண்டே, இவ்வாறு விரிந்து குளிர்ந்த காற்றைக் கொண்டே அடுத்து வரும் காற்றைக் குளிர்விக்கும் முறையைக் கையாண்டார். இச்சுழற்சி தொடரத் தொடரக் குளிர்ச்சி பெருகி, இறுதியில் காற்று திரவமாகச் சொட்டுகிறது.

1898-ல் டியூவர் ஹைட்ரஜனையும், 1908 ஜூலை 10 அன்று காமர்லிங் ஆன்ஸ் ஹீலியத்தையும் திரவமாக்கினர். நம் நாட்டிலும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் இயக்குநராக இருந்த தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 1952-ல் ஹீலியத்தைத் திரவமாக்கும் எந்திரம் நிறுவப்பட்டது.

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என எண்ண வேண்டாம். உடையார்பாளையம் வட்டாரத்து மாட்டாஸ்பத்திரிகளிலேயே திரவ நைட்ரஜனைக் காணலாம். சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகள் அதில் மூழ்கியே இருக்கின்றன. தஞ்சை மாவட்டத்து ஈச்சங்கோட்டை போன்ற நிலையங்களில் உறையவைக்கப்படும் விந்து, பசுவைச் சேரும் வரை அக்குளிரில் கெடாமல் இருந்தாக வேண்டும்.

பள்ளிக்கூடம் சென்றறியாத என் தாயார், அந்தக் கேனைத் திறக்கும்போது எழும் வெண்புகையைப் பார்த்து, "உள்ளே என்னப்பா எரியுது?" என்று கேட்டார். எதுவும் எரியவில்லை. அது புகையுமன்று, நைட்ரஜனுமன்று, நைட்ரஜன் நிறமற்றது. நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரமே அக்குளிர் பட்டு நுண்துளிகளாகிறது. மார்கழிப் பனியும் இதுவும் ஒன்றே.

கொதிக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டாதது போல, திரவ நைட்ரஜன் சுழிக்குக் கீழே 196 டிகிரியிலேயே கொதித்துக்கொண்டிருக்கும். இரட்டைச் சுவர்களுக்கு இடையே வெற்றிடம் வைத்த கேனிலும் வெப்பம் சிறிது சிறிதாக உட்புகும். அவ்வெப்பம் திரவத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். துளி மிச்சமின்றி வற்றிவிட்டால் குளிர் போய்விடும், விந்தணுக்கள் மடியும், ஊசி பலிக்காது. சினை பிடிக்காத பசு மீண்டும் பருவத்திற்கு வர ஏறத்தாழ 21 நாட்களாகும். அதுவரை தவிட்டுச் செலவும் புண்ணாக்குச் செலவும் வீண்தான். கறவைப் பணத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் என் குடும்பம் போன்றவற்றுக்கு இது சிறிய நஷ்டமன்று.

ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். ஆகவே அடைத்த அறையில் அதைக் கொட்டினால் மூச்சுக்குரிய ஆக்சிஜன் குறைந்துவிடும், கவனம் தேவை. ஆனால் இதே இயல்புதான் திரவ ஆக்சிஜனைச் சிறிய இடத்தில் நிறையச் சேமிக்க உதவுகிறது. நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட் எந்திரச் சோதனைகளுக்குத் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் பயன்படுகின்றன. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது அங்கிருந்தே மருத்துவமனைகளுக்குத் திரவ ஆக்சிஜன் அனுப்பப்பட்டது. விண்ணுக்குச் செல்ல வேண்டியது மண்ணில் உயிர் காத்தது!

தோழர்களே! நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் நம்மில் பலர். படித்ததைத் தேர்வுத் தாளில் மட்டும் எழுதிவிட்டு வருவதில் பயனில்லை. கேனில் நைட்ரஜன் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லி நம் பெற்றோருக்கு எடுத்துரைப்போம். அதுவே நாம் கற்ற இயற்பியலுக்கு நாம் செய்யும் மரியாதை.