நீரும் நீரிழிவும்

நீரிழிவு செல்வர்க்கே உரிய நோய் என்று எண்ணுவார் பலர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீமா மக்களின் வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கின்றது.

அம்மக்கள் தம்மொழியில் தம்மை 'ஆற்று மக்கள்' என்றே வழங்குவர். ஹீலா ஆற்றினின்று கால்வாய் வெட்டி, பாலை நிலத்தில் மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளைத்து உண்டனர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆற்றின் மேற்பகுதியிற் குடியேறிய வெள்ளையர் நீரைத் தம் வயல்களுக்குத் திருப்பிக்கொண்டனர். கழனிகள் காய்ந்தன, பஞ்சம் புகுந்தது. பிறர்க்கும் தானியம் விற்றவர், அரசு அளித்த வெள்ளை மாவையும் பன்றிக்கொழுப்பையும் சர்க்கரையையும் நம்பி உயிர் வாழலாயினர். ஏர்த்தொழில் போகவே உடலுழைப்பும் போயிற்று. உடல் பருத்தது, குருதியிலுள்ள சர்க்கரையை அடக்கும் இன்சுலின் என்னும் சுரப்பு தன் வலி குன்றியது. நீரிழிவு என்னும் சொல்லில் இழிதல் என்பது வடிதலைக் குறிக்கும். இவர்களுக்கோ ஆற்றுநீரை இழந்ததே நோய்க்கு வித்தாயிற்று.

பரம்பரையே காரணம் என்பாரும் உளர். அது பாதி உண்மையே. இவர்தம் இனத்தார் சிலர் மெக்சிகோவின் மலையூர் ஒன்றில் உழவும் உழைப்புமாக வாழ்ந்தனர். 2006-இல் வெளிவந்த ஆய்வின்படி, அங்கு வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர்க்கே இந்நோய் இருந்தது; அரிசோனாவிலோ 38 பேர்க்கு.

2004-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் பீமா மக்களுக்கு நீருரிமை மீண்டும் கிடைத்தது. அவர்தம் வயல்கள் சிலவற்றில் பழைய அவரை இன்று விளைகின்றது.