பற்றவைத்த எல்இடி ஏன் எரிய மறுக்கிறது?

5 மில்லிமீட்டர் எல்இடியின் குமிழுக்குள், தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்று ஒளிதரும் சில்லையும் காலையும் இணைக்கிறது. சால்டரிங் அயர்னின் சூடு கால்வழியே ஏறினால் எபாக்சி பிசின் இளகும். அந்நேரம் காலை அசைத்தால் கம்பி அறுந்துவிடலாம். வெளியே கீறல்கூடத் தெரியாது! எனவே கால்களை முன்பே, குமிழிலிருந்து சற்றுத் தள்ளி வளைத்துவிடுங்கள். குமிழுக்கும் ஈயம் வைக்கும் இடத்துக்கும் நடுவே குறடால் பிடித்தால், சூட்டை அது வாங்கிக்கொள்ளும். 3 விநாடிக்குள் அயர்னை எடுத்துவிடுங்கள்.

ரெசிஸ்டரை மறக்கவே கூடாது. சாதாரண சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். 5 வோல்ட் கொடுத்தால், மீதி 3 வோல்ட்டை 150 ஓம் ரெசிஸ்டர் ஏற்று, மின்னோட்டத்தை 20 மில்லிஆம்பியரில் நிறுத்தும். நீல, வெள்ளை எல்இடிகளை நம் விரல்நுனி நிலைமின்சாரமே கெடுத்துவிடக்கூடும். எடுக்குமுன் எர்த் இணைப்புள்ள உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.