சிறு பிள்ளைகளின் காசநோய்: டாக்டரிடம் நாம் சொல்ல வேண்டியது



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களோடு மருந்துச் சீட்டுகளையும் பில்களையும் வாங்கி வைப்பது வழக்கம். சென்ற ஆண்டு ஒரு தாய், இரண்டரை வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் ஐந்து மாதத்துச் சீட்டுகள் இருந்தன. மூன்று டாக்டர்கள், இருமல் மருந்து, பசிக்கு டானிக், பூச்சி மருந்து, மறுபடியும் இருமல் மருந்து. 12 கிலோவாவது இருக்க வேண்டிய வயதில் பிள்ளை 9 கிலோதான் இருந்தது. கண்ணேறு பட்டிருக்குமோ என்று ஓதியும் பார்த்திருந்தார்கள்.

அந்தச் சீட்டுகளில் இரண்டு டாக்டர்கள் ஒரே குறிப்பை எழுதியிருந்தார்கள். வீட்டில் காசநோயாளி எவரும் இல்லை என்பதே அது.

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, எங்கள் மகளிர் பிரிவுச் சகோதரியை மட்டும் தனியாக அழைத்து அந்தத் தாய் ஒரு விஷயத்தைச் சொன்னார். பிள்ளையின் நன்னா நான்கு மாதமாக வெளியூரில் காட்டி டிபி மாத்திரை சாப்பிட்டு வருகிறார். நாத்தனாருக்கு நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் வெளியில் மூச்சு விடக் கூடாது என்று வீட்டில் முடிவு. டாக்டர் கேட்கும்போதெல்லாம் மாமியும் பக்கத்தில் இருந்ததால், "அப்படி யாரும் இல்லை" என்றே பதில் போயிருக்கிறது.

அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறோம். குறை சொல்வது நோக்கமல்ல. அந்த ஒரு பதில் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை நம் மஹல்லாவில் ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகளிடம் கண்டுபிடிப்பது ஏன் சிரமம்?

பெரியவர்களுக்குக் காசநோய் என்றால் சளியை டப்பாவில் துப்பச் சொல்லிப் பரிசோதிக்கிறார்கள். சளியில் கிருமி இருந்தால் நோய் உறுதி. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. வருவதை விழுங்கிவிடும். மேலும், பெரியவர்களின் நுரையீரலில் இருப்பது போலப் பிள்ளைகளிடம் கிருமி ஏராளமாக இருப்பதில்லை. மிகக் குறைவான கிருமியே பிள்ளையைப் படுக்கவைத்துவிடும். ஆகவே சளி கிடைத்தாலும் கிருமி அதில் அகப்படாமல் போகலாம்.

அறிகுறிகளும் தெளிவாக இருப்பதில்லை. நெஞ்சுச் சளி, சத்துக் குறைவு, பூச்சித் தொல்லை என்று எதுவாகவும் அது தோன்றும். சில பிள்ளைகளுக்கு இருமலே இருக்காது. சாப்பிடாது, விளையாடாது, இளைத்துக்கொண்டே போகும்.

எனவே பிள்ளைகளின் காசநோயை ஒரே பரிசோதனையால் முடிவு செய்ய முடிவதில்லை. பல தடயங்களைச் சேர்த்து வைத்துத்தான் டாக்டர் ஒரு முடிவுக்கு வருகிறார். அந்தத் தடயங்களில் ஒன்று ஆஸ்பத்திரியில் கிடைக்காது. அது நம் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

டாக்டர் பார்க்கும் தடயங்கள்

முதலாவது, அறிகுறிகளின் நாள் கணக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமல், இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கழுத்தில் வலியில்லாமல் வீங்கி நிற்கும் நெறிக்கட்டி ஆகியவை கவனிக்க வேண்டியவை.

இரண்டாவது, எடை. மூன்று மாதமாக எடை ஏறவில்லை, அல்லது இறங்குகிறது என்றால் அது பெரிய தடயம். அங்கன்வாடியில் எடை குறித்துத் தரும் அட்டையைப் பத்திரப்படுத்தி, டாக்டரிடம் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். "முன்னைவிட இளைச்சிருக்கு" என்று வாயால் சொல்வதைவிட அந்த அட்டை தெளிவாகப் பேசும். கண்ணேறுக்கு ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும், ஓதிவிட்டு எடையையும் பார்க்கட்டும்.

மூன்றாவது, அந்தக் கேள்வி. "வீட்டில் யாருக்காவது டிபி உண்டா? நாள்பட்ட இருமல் உண்டா?" சிறு பிள்ளைக்குக் காசநோய் வந்தால், அது பெரும்பாலும் அருகில் இருக்கும் ஒரு பெரியவரிடமிருந்தே வந்திருக்கும். மடியில் வைத்துச் சோறூட்டும் நன்னி, கூடவே படுக்கும் நன்னா, வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்த சாச்சா, வீட்டு வேலைக்கு வருபவர், ஓதிக் கொடுக்கும் உஸ்தாத் என்று யாராகவும் இருக்கலாம். கடந்த ஓராண்டு, இரண்டு ஆண்டுக்குள் நடந்ததையெல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிகிச்சை முடித்துக் குணமானவரையும் சொல்ல வேண்டும்.

இதற்கு "ஆம்" என்று பதில் வந்தால், அதே இருமலை டாக்டர் வேறு கண்ணோடு பார்ப்பார். "இல்லை" என்று வந்தால் சாதாரணச் சளி என்று எண்ணி இன்னொரு பாட்டில் மருந்து எழுதுவதில் அவர் மேல் குற்றம் இல்லை.

என்னென்ன பரிசோதனைகள்?

மார்பு எக்ஸ்ரே: நுரையீரலையும், அதன் அருகே உள்ள நெறிக்கட்டிகளின் வீக்கத்தையும் காட்டும்.

மாண்டூ ஊசி: முன்கையின் தோலில் போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளப்பார்கள். தடிப்பு 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் கிருமி உடலில் நுழைந்திருக்கிறது என்று கொள்வார்கள். நுழைந்திருப்பது வேறு, நோயாக மாறியிருப்பது வேறு. ஆகவே மாண்டூ மட்டும் நோயை உறுதி செய்யாது. சத்துக் குறைவான பிள்ளைக்கும், அண்மையில் தட்டம்மை வந்த பிள்ளைக்கும் கிருமி இருந்தும் தடிப்பு வராமல் போகலாம். ஊசி போட்டுவிட்டு அளக்கப் போகாமல் விடும் வீடுகள் நம்மில் நிறைய. அளக்காத ஊசி போடாத ஊசிக்குச் சமம்.

இரைப்பை நீர்: இதைக் கேட்டதும் பல தாய்மார் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இரவெல்லாம் பிள்ளை விழுங்கிய சளி வயிற்றில் இருக்கும். காலையில் பால் கொடுப்பதற்கு முன், மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டுக் கொஞ்சம் நீரை எடுத்து அதில் கிருமியைத் தேடுகிறார்கள். பிள்ளை அழும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். உப்பு நீர் ஆவியைப் பிடிக்கவைத்துச் சளி எடுக்கும் முறையும் உண்டு. விழுங்கிய சளி மலத்திலும் வெளியேறுவதால், பிள்ளைகளின் மலத்தைப் பரிசோதிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. கழுத்துக் கட்டி இருந்தால் ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்ப்பார்கள்.

இப்படி எடுத்ததை சிபிநாட், ட்ரூநாட் என்ற கருவிகளில் வைத்தால் சில மணி நேரத்தில் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடித்துவிடும். முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அந்தக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

ஒரு எச்சரிக்கை. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்த்துக் காசநோயைச் சொல்லும் பரிசோதனைகளை, தவறான முடிவு தருகின்றன என்பதால் 2012-ல் மத்திய அரசு தடை செய்தது. அப்படிப்பட்ட சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

'நெகட்டிவ்' என்று வந்த பிறகும் ஏன் மருந்து?

மேலே சொன்ன தாய், அடுத்த நாளே எங்கள் சகோதரியுடன் அரசு மருத்துவமனைக்குப் போய் உண்மையைச் சொன்னார். எக்ஸ்ரேயில் நெறிக்கட்டி தெரிந்தது. மாண்டூ 14 மில்லிமீட்டர். ஆனால் இரைப்பை நீரில் கிருமி அகப்படவில்லை. "நெகட்டிவ்னுதானே வந்திருக்கு, பச்சைப் பிள்ளைக்கு ஆறு மாதம் மாத்திரை எதற்கு?" என்று அத்தா எங்களிடம் வந்து கேட்டார். நியாயமான கேள்விதான்.

பெரியவருக்கு நெகட்டிவ் என்பதும் சிறு பிள்ளைக்கு நெகட்டிவ் என்பதும் ஒன்றல்ல. கிருமி குறைவாக இருப்பதால், உண்மையிலேயே காசநோய் உள்ள பிள்ளைகளில் பலருக்கு எந்தக் கருவியிலும் அது சிக்குவதில்லை. எடை, எக்ஸ்ரே, மாண்டூ, வீட்டில் நோயாளி என்று நான்கும் ஒரே பக்கம் கை காட்டும்போது, கிருமி கிடைக்கும் வரை காத்திருப்பது ஆபத்து. பிள்ளைகளிடம், குறிப்பாக இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம், இந்த நோய் மூளைச் சவ்வுக்குப் பரவிவிடக்கூடும். காய்ச்சலோடு தொடர் வாந்தி, காரணமில்லாத அழுகை, எழுப்பினாலும் தூங்கி விழுவது, வலிப்பு ஆகியவை தெரிந்தால் அன்றே, அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே தாமதம் செய்தால் உயிர் தப்பினாலும் பார்வை, கேள்வி, நடை பாதிக்கப்படலாம்.

பிறந்ததும் போடும் பிசிஜி ஊசி, மூளைச் சவ்வு நோய் போன்ற கடுமையான வகைகளின் ஆபத்தைக் குறைக்கிறது. நுரையீரல் காசநோயை முழுமையாகத் தடுப்பதில்லை. "ஊசி போட்டாச்சே" என்று அலட்சியமாக இருக்க முடியாது.

'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்றால் என்ன?

நம் வீடுகளில் பலரும், "என் பிள்ளைக்கு டிபி எல்லாம் இல்லை, பிரைமரி காம்ப்ளக்ஸ்தான்" என்று சொல்வார்கள். இரண்டும் ஒரே கிருமியால் வருவதுதான். முதன்முதலாகக் கிருமி நுழையும்போது பிள்ளையின் நுரையீரலிலும் நெறிக்கட்டியிலும் ஏற்படும் பாதிப்புக்குத்தான் அந்தப் பெயர். பெயர் மென்மையாக இருப்பதால் பாதியில் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. அடிக்கடி சளி பிடிக்கும், சரியாகச் சாப்பிடாத பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயர் ஒட்டிவிடுகிறது. எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று டாக்டரிடம் பணிவாகக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

மறைப்பதால் என்ன நேர்கிறது?

நன்னாவுக்கு நோய் தெரிந்த அன்றே சொல்லியிருந்தால், பேத்திக்கு நோய் வராமலே தடுத்திருக்க வழி இருந்தது. காசநோயாளி இருக்கும் வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்து, நோய் இல்லை என்று தெரிந்தால் தடுப்பு மருந்து கொடுப்பது அரசின் திட்டத்திலேயே உள்ளது. மருந்து இலவசம். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கிருமி தொற்றினால், தடுப்பு மருந்து இல்லாத நிலையில் பத்தில் மூன்று பேருக்குக் குறையாமல் நோயாக மாறுகிறது. பெரியவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான், அதுவும் வாழ்நாள் முழுவதும் சேர்த்து.

நோயாளியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை என்பதும் நம் சென்னையிலேயே நிரூபிக்கப்பட்டதுதான். 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. மருந்து தொடங்கியதும் பரவும் தன்மை வேகமாகக் குறைந்துவிடுகிறது.

ஒருவருடைய நோயை ஊரெல்லாம் பேசுவது புறம். டாக்டரிடம் சொல்வது புறமல்ல. பிறருக்குத் தீங்கு வரும் இடத்தில் மறைப்பதற்கு மார்க்கம் இடம் தரவில்லை, அதுவும் வாய் திறந்து சொல்ல முடியாத பிள்ளையின் விஷயத்தில். மாமி முன்னால் பேச முடியவில்லை என்றால், டாக்டரிடம் தனியாக இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை

வீட்டில் யாருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், முதலில் அவரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், அந்த வாரமே வீட்டுப் பிள்ளைகள் அனைவரையும் காட்டுங்கள். பிள்ளைக்குச் சிகிச்சை தொடங்கினால், எடை ஏறிய பிறகும் டாக்டர் சொல்லும் நாள் வரை நிறுத்தாதீர்கள். மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம். சத்துணவுக்காக அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாகியுள்ளது. ஐயம் இருந்தால் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 11 6666.

மருத்துவமனைக்குப் போய்வர ஆட்டோ, பஸ் செலவையும், சிகிச்சை முடியும் வரை முட்டை, பருப்பு, பால் செலவையும் நமது அறக்கட்டளை ஏற்கிறது. பெண்கள் மகளிர் பிரிவுச் சகோதரியிடம் பேசலாம். நீங்கள் சொல்வது எங்களிடம் அமானிதம். பெயர் கமிட்டிக் கூட்டத்தில்கூட வாசிக்கப்படாது.

அந்தப் பிள்ளை ஆறு மாத மருந்தை முடித்துவிட்டது. இப்போது 12 கிலோவைத் தாண்டியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். நன்னாவும் நலம். நிக்காஹ் பேச்சு சில மாதம் தள்ளிப்போனது உண்மைதான். பேத்திக்காக அதைத் தாங்கிக்கொள்கிறோம் என்றார் அந்தப் பெரியவர். அல்லாஹ் அந்தக் குடும்பத்துக்குப் பரக்கத் செய்வானாக. நம் பிள்ளைகள் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்