பாடம் செய்த ஆறு பைசன்கள்

பழைய சென்னைக்காரர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. கண்ணாடிக்குப் பின்னால் பாடம் செய்து நிறுத்திய மிருகத்தைப் பார்த்தால் குழந்தைகள் தவறாமல் கேட்பார்கள்: "உள்ளே என்ன இருக்கு?" இப்படிப் பாடம் செய்த பெரிய மிருகங்களுக்குள் மரச்சட்டமும் கம்பியும் நாரும் களிமண்ணும் இருக்கும். கண்கள் கண்ணாடி. மிருகத்தினுடையது என்று மிஞ்சியிருப்பது தோலும் கொம்பும் குளம்பும்தான்.

ஆக, இந்தக் கலை முழுக்க ஒரு தோலை நம்பி நிற்கிறது. அந்தத் தோல் தப்புமா, அழுகுமா என்பது பட்டறையில் முடிவாவதில்லை. மிருகம் விழுந்த இடத்திலேயே, அடுத்த சில மணி நேரத்தில், கத்தி பிடித்தவர் கையில் முடிவாகிவிடுகிறது. இதை விளக்க 1886-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மான்டானாவில் நடந்த ஒரு வேட்டையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வில்லியம் டெம்பிள் ஹார்னடே அப்போது வாஷிங்டனில் இருந்த அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தின் தலைமைப் பாடக் கலைஞர். அவருக்கு நம் மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு. இருபத்து மூன்று வயதைத் தொடும் முன்பே, 1877-இல், அருங்காட்சியகங்களுக்கு மாதிரிகள் சேர்க்க இந்தியா வந்தவர் ஆனைமலைக் காட்டில் முகாமிட்டார். யானை, புலி, காட்டுமாடு எல்லாவற்றையும் அங்கே வேட்டையாடினார். தடம் பார்த்துக் கொடுத்தவர்கள் அங்குள்ள மலசர் பழங்குடியினர். இன்று அந்தக் காடு புலிகள் காப்பகம். வெயிலும் ஈரமும் சேர்ந்த காட்டில் ஒரு பெரிய தோல் எவ்வளவு விரைவில் கெடும் என்பதை அங்கே அவர் கண்ணால் பார்த்திருப்பார்.

நீலகிரிப் பக்கம் நம் காட்டுமாட்டையும் 'பைசன்' என்பதுண்டு. அமெரிக்கப் பைசன் வேறு இனம்: தலையிலும் தோளிலும் கம்பளிபோல் அடர்ந்த மயிர், முதுகில் பெரிய திமில். சில கோடியாக இருந்த அந்த இனம் 1880-களின் நடுவில் அநேகமாக அழிந்துவிட்டது. ஹார்னடே தம் அருங்காட்சியகத்தில் தேடிப் பார்த்தபோது நல்ல தோல் ஒன்றுகூட இல்லை. முற்றாக மறையும் முன் சில தோல்களையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று மான்டானாவுக்குக் கிளம்பினார். காப்பாற்றுவதற்காகக் கொல்வது நமக்கு இன்று உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும்.

முதலில் போனது மே மாதம். பைசன்கள் கிடைத்தன, தோல் கிடைக்கவில்லை. குளிர்கால மயிரை அவை உதிர்க்கும் காலம் அது. உடம்பெங்கும் கந்தல் கந்தலாகத் தொங்கியது. தோலின் தரத்தை மிருகத்தின் வயதைவிட மாதம்தான் தீர்மானிக்கிறது. ஒரு கன்றை மட்டும் உயிரோடு வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார். 'சாண்டி' என்று பேர் வைத்த அந்தக் கன்று சில வாரங்களில் இறந்தது. மயிர் மீண்டும் அடர்ந்த செப்டம்பரில் திரும்பி வந்தவர் டிசம்பர் வரை தங்கினார்.

பெரிய மிருகத்தை உரிப்பது எப்படி? தொண்டையிலிருந்து வயிற்றின் நடுவே வால்வரை ஒரு கீறல். நான்கு கால்களின் உட்புறமாக நான்கு கீறல். கீறல் எப்போதும் உட்புறம். தையல் கண்ணுக்குத் தெரியக் கூடாது. கத்தியின் கூர் சதையைப் பார்த்திருக்க வேண்டும், தோலைப் பார்த்தல்ல. நல்ல கை கத்தியைவிட முஷ்டியைத்தான் அதிகம் நம்பும்: தோலுக்கும் சதைக்கும் நடுவே உள்ள வெள்ளைச் சவ்வில் முஷ்டியை அழுத்தினால் தோல் தானாகவே விலகும்.

உடம்பை உரிப்பது பலம், முகத்தை உரிப்பது பொறுமை. கொம்பைச் சுற்றி, இமையைச் சுற்றி, மூக்கின் குருத்தெலும்பை ஒட்டி நூல் நூலாக அறுக்க வேண்டும். உதட்டை இரண்டாகப் பிளந்து உள்சதையை எடுக்க வேண்டும். காது இன்னும் கடினம். குருத்தெலும்பின் முதுகுப்பக்கம் விரலை நுழைத்து, சட்டைக் கையை உள்வெளியாகப் புரட்டுவதுபோல் நுனிவரை காதைப் புரட்ட வேண்டும். புரட்டாமல் விட்டால் உப்பு உள்ளே போகாது. இரண்டே நாளில் காதில் மயிர் கழன்றுவிடும்.

மயிர் ஏன் கழல்கிறது? உயிர் போனதும் உடம்பின் காவல் போய்விடுகிறது. தோலிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. மயிர்க்கால்களைப் பற்றிப் பிடித்திருக்கும் மேல்தோல் மெல்லியது, அதைத்தான் அவை முதலில் கரைக்கின்றன. பைசனுக்கு அதன் அழகான மயிரே எதிரி: கம்பளி போர்த்திய உடம்பு குளிரிலும் எளிதில் ஆறாது. தோல் கெட்டதா என்று பார்க்க, வயிற்றுப் பக்கம் ஒரு கொத்து மயிரைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இழுத்தால் போதும். கையோடு வந்துவிட்டால், அந்தத் தோலுக்கு மருந்து கிடையாது.

உரித்த தோலைச் சதையும் கொழுப்பும் போகச் சுரண்டி, உப்புப் போட வேண்டும். கல் உப்பல்ல, தூள் உப்பு; தாராளமாக, மடிப்பு, ஓரம், காது, உதடு ஒன்று விடாமல் தேய்க்க வேண்டும். ஊறுகாய் போடும் வீட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. உப்பு ஈரத்தை வெளியே இழுக்கிறது, ஈரம் இல்லாமல் பாக்டீரியா வளராது. ஒரு நாள் சுருட்டி வைத்து, வடிந்த நீரைக் கொட்டி, மறுபடி உப்பிட்டு நிழலில் காயவிட வேண்டும். வெயில் கூடாது. தோலின் நார்ப்பொருளான கொலாஜன், ஈரத்தோடு சூடேறி 60 டிகிரியைத் தாண்டினால் சுருங்கி வஜ்ஜிரப் பசையாகத் தொடங்கும். கடும் வெயிலில் வெளிப்பக்கம் பொருக்குத் தட்ட, உள்ளே அழுகல் தொடரும்.

ஹார்னடே ஒரு முறை தவறினார். சுட்ட பைசன் ஒன்றை உரிக்க நேரமில்லாமல் இரவு விட்டுவந்தார். காலையில் போனால் தோல் இல்லை, இறைச்சி இல்லை, மஜ்ஜைக்காகக் கால் எலும்புகளும் உடைக்கப்பட்டிருந்தன. தோலற்ற தலையின் ஒரு பாதியில் சிவப்பும் மறுபாதியில் மஞ்சளும் பூசி, கொம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. பூர்வகுடியினர் வந்துபோயிருந்தார்கள். அவர் அதைத் திருட்டு என்று கோபத்தோடு எழுதிவைத்தார். பைசன் அவர்களுடைய சோறும் வீடும் போர்வையுமாகத் தலைமுறை தலைமுறையாக இருந்தது. எனக்கு அதைத் திருட்டு என்று சொல்ல மனம் வரவில்லை.

தோலைப் பற்றி அந்தச் சமவெளியின் பூர்வகுடிப் பெண்களுக்குத் தெரிந்தது எந்த அருங்காட்சியகத்துக்கும் தெரியாது. தோலை முளையடித்து இழுத்துக்கட்டி, எல்க் மான் கொம்பில் செய்த சுரண்டியால் சீராக இழைப்பார்கள். பிறகு மிருகத்தின் மூளையை வெந்நீரில் குழைத்துத் தேய்ப்பார்கள். மூளையில் கொழுப்பும், கொழுப்பைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் லெசித்தினும் உண்டு. அந்தக் கலவை நார்களுக்கு இடையே புகுந்து, காயும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. ஆனால் காய்ந்து முடியும்வரை தோலை இழுத்துக்கொண்டே, கசக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் பலகைதான். உடைக்கும் கூடாரத்துக்கும் ஆன தோல்களை, கடைசியில் உளுத்த மரத்தைப் புகைத்து அந்தப் புகையில் காட்டுவார்கள். புகையின் ஆல்டிஹைடுகள் கொலாஜன் நார்களைப் பிணைத்துவிடும். அப்புறம் மழையில் நனைந்து காய்ந்தாலும் தோல் மெத்தென்றே இருக்கும். நம் தோல்பதனிடுவோர் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு செய்யும் பிணைப்பை அங்கே புகை செய்தது.

இதற்கு நேர் எதிர், 1870-களின் சந்தை வேட்டை. பைசன் தோலை ஆலைகளுக்கு ஏற்ற தோலாக்கும் வழி 1871-ஐ ஒட்டிக் கிடைத்ததும், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த எல்லோரும் சமவெளிக்கு ஓடினார்கள். உரிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கிழித்தார்கள், அழுகவிட்டார்கள், பூச்சிக்குக் கொடுத்தார்கள். தொடக்க ஆண்டுகளில் சந்தைக்குப் போன ஒரு தோலுக்குப் பல பைசன்கள் செத்தன. அந்தப் படுகொலையில் என்னை அதிகம் வாட்டுவது இந்தக் கணக்குத்தான்.

வாஷிங்டனுக்கு வந்த தோல்களை உப்பும் படிகாரமும் கலந்த கரைசலில் ஊறவைத்தார்கள். படிகாரத்தின் அலுமினியம் கொலாஜனை லேசாகப் பிடித்துக்கொள்ளும், மயிரும் இறுகும். தடிமனான இடங்களை உட்புறமாகச் சீவி மெலிதாக்கினார்கள். அந்தக் காலத்தில் பூச்சிக்கு ஆர்சனிக் பூசுவது வழக்கம். பழைய பாடங்களை இன்றும் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. வைக்கோலைத் திணித்து மூட்டையாக்கும் பழைய முறையை ஹார்னடே விட்டுவிட்டார். தசைகளின் மேடுபள்ளத்தோடு உடம்பை முதலில் செய்து, களிமண் அப்பி, அதன்மேல் தோலைப் போர்த்தினார். ஆறு பைசன்கள்: கிழட்டுக் காளையிலிருந்து கன்று சாண்டிவரை. காலடியில் மான்டானாவிலிருந்தே கொண்டுவந்த மண்ணும் புல்லும்.

1888-இல் மக்கள் பார்க்கத் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஹார்னடே எடுத்த கணக்கில் வட அமெரிக்கா முழுவதும் மிஞ்சியிருந்தவை 1,091. தோல் சேர்க்கப் போனவர் பைசனை உயிரோடு காக்கும் வேலைக்கு மாறினார். 1905-இல் அமெரிக்கப் பைசன் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். 1907-இல் அவர் நடத்திய நியூயார்க் பிராங்ஸ் உயிர்க்காட்சிசாலையிலிருந்து 15 பைசன்கள் ரயிலேறி ஓக்லஹோமாவின் புல்வெளிக்குப் போயின.

1957-இல் அந்த ஆறு பைசன்களும் நின்ற கண்ணாடிக் கூண்டைப் பிரித்தபோது மண்ணுக்கடியில் ஓர் உலோகப் பெட்டி கிடைத்தது. உள்ளே, தமக்குப் பின்னால் வரப்போகும் பாடக் கலைஞருக்கு ஹார்னடே எழுதிய கடிதம். எவற்றைத் தாமே சுட்டார் என்பதை ஒளிக்காமல் எழுதி, தாம் மண்ணான பிறகு இந்தத் தோல்கள் கெடாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டிருந்தார். ஆறு பைசன்களும் மான்டானாவுக்கே திரும்பின. ஃபோர்ட் பென்டன் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் அவை இன்றும் நிற்கின்றன.