லயத்துக்கு ஒரு நூலகம்



பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டப் பள்ளியில் புத்தக அலமாரி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள், தொலைத்துவிடுவார்கள் என்று அஞ்சி அதைப் பூட்டியே வைத்திருந்தேன். ஒருநாள் திறந்து பார்த்தபோது கீழ்த்தட்டு முழுவதையும் கரையான் தின்றிருந்தது. பிள்ளைகள் கைபட்டுக் கிழிந்த புத்தகம் அதில் ஒன்றுகூட இல்லை! நான் பூட்டிக் காத்தது கரையானுக்காகத்தான் என்று அன்று உணர்ந்தேன்.

நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பதைத் தம் முதல் விதியாக வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-இல் நூலகத்திற்கான ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பலகையோடு பிணைத்து வைத்திருந்தார்கள். என் பூட்டும் அந்தச் சங்கிலிக்கு உறவுதான். அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று படிக்கக் கொடுத்தார்கள். மாட்டுவண்டியிலேயே நூலகம் நடக்கும் என்றால் நம் லயத்தில் நடக்காதா?

நடக்கும். ஆனால் ஒழுங்கு வேண்டும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற இளம் அச்சுத் தொழிலாளியும் அவர் நண்பர்களும் தத்தம் புத்தகங்களை ஓர் அறையில் சேர்த்து வைத்துப் பொதுவாகப் படித்தார்கள். கவனிப்பார் இல்லாமல் சுமார் ஓராண்டில் அது கலைந்தது. அவரவர் புத்தகம் அவரவர் வீடு போய்ச் சேர்ந்தது. பிராங்க்ளின் மனம் தளரவில்லை. 1731-இல் ஐம்பது பேரைச் சேர்த்தார். ஆளுக்கு 40 ஷில்லிங் நுழைவுப் பணம், பின் ஆண்டுக்கு 10 ஷில்லிங் என்று விதி வகுத்தார். அந்த நூலகம் இன்றும் இருக்கிறது. ஆசை முதலிலும் இருந்தது. பொறுப்பும் விதியும் பிறகுதான் வந்தன.

நாம் எப்படித் தொடங்குவது? இருபது குடும்பங்கள் வீட்டுக்கு மூன்று புத்தகம் கொடுத்தால் அறுபது ஆகிவிடும். மூன்று கொடுத்தவருக்கு அறுபது படிக்கக் கிடைக்கிறது. மாதம் ஒரு வெள்ளி போட்டால் ஆண்டுக்கு 240 வெள்ளி சேரும். புதிய புத்தகம் வாங்கலாம். 1960-இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் தொழிலாளர்கள் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குவது பெரிய காரியமா?

இரண்டு நோட்டுப் புத்தகங்கள் போதும். முதலாவதில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் கொடுத்து, பெயரையும் கொடுத்தவரையும் எழுதுங்கள். இரண்டாவதில் யார், எந்த எண்ணை, எந்தத் தேதியில் எடுத்தார், எப்போது திருப்பினார் என்று குறியுங்கள். தவணை இரண்டு வாரம். கதைக்குச் சிவப்பு, அறிவியலுக்குப் பச்சை, வரலாற்றுக்கு நீலம் என்று முதுகில் வண்ணத்தாள் ஒட்டினால் சிறு பிள்ளையும் எடுத்த இடத்தில் வைக்கும். அலமாரியைச் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தூசி தட்டுங்கள். கரையானும் ஈரமும் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தைத்தான் தேடும்.

பொறுப்பை ஒருவர் தலையில் கட்டாதீர்கள். பெரியவர் ஒருவர், படிக்கும் பிள்ளைகள் இருவர் என்று மூவர் இருக்கட்டும். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், தவறாமல் திறக்கவேண்டும். ஒரு வாரம் பூட்டியிருந்தால் அடுத்த வாரம் ஆள் வராது.

புத்தகம் தொலைந்தால்? தண்டம் போடாதீர்கள். தண்டத்துக்குப் பயந்த தாய் பிள்ளையை நூலகத்துக்கே அனுப்பமாட்டாள். முடிந்தால் வேறொரு புத்தகம் தரட்டும்; முடியாவிட்டால் ஒருநாள் அலமாரியைத் துடைத்துத் தரட்டும். ஆண்டுக்கு நாலைந்து தொலைவது நூலகம் நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

எழுத்துத் தெரியாத தாய்மாரும் பாட்டிமாரும் தங்கள் பெயரில் புத்தகம் எடுக்கலாம். பிள்ளை வாசிக்க அவர்கள் கேட்கட்டும். ஒருவர் செய்தித்தாள் படிக்கப் பலர் சுற்றி அமர்ந்து கேட்டது நம் தோட்டங்களில் இருந்த பழக்கம்தானே?

பூச்சோங்கில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று வீடுகளும் கடைகளும் நிற்கின்றன. கின்றாரா, காசல்பீல்டு என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. லயத்தைவிட்டு அடுக்குமாடிக்குப் போகும் நாளில் பாத்திரம் பண்டங்களை மறவாமல் எடுத்துக்கொள்கிறோம். புத்தகங்கள் குப்பையில் விழுகின்றன. ஊர் கலைந்தாலும் கலையாதபடி ஒன்றை வைத்துக்கொள்ள முடியும். அறுபது புத்தகங்கள் நான்கு பெட்டிக்குள் அடங்கிவிடும். அவற்றோடு அந்த இரண்டு நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். புது வீட்டுப் படிக்கட்டின் கீழேயும் நூலகத்தைத் திறக்கலாம்.

வரும் ஞாயிறு உங்கள் வீட்டிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து வையுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.