வீட்டுத் தையலுக்கு என்ன கூலி?

வெள்ளவத்தைப் புடவைக் கடையில் சட்டை தைப்பவர் ‘டெய்லர் மாஸ்டர்’. அதே கடைக்குக் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து தைத்துக் கொடுப்பவரோ ‘வீட்டில் சும்மா இருக்கிறா!’ அவருக்குச் சம்பளம், இவருக்குக் கைச்செலவு. நூலும் மின்சாரமும் யார் கணக்கில்?

சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்னும் சர்வதேச தொழில் தாபனத்தின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றது. அது வேலையின் பெயரையல்ல, பெறுமதியையே பார்க்கிறது. பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்குண்டு என்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனம். இதை ஓதிக்கொடுக்கும் நானே, கூலி கேட்கப்போன என் மனைவியிடம் “வெட்கம், கேட்காதே” என்றவன்தான்.

அடுத்த துணிக்கட்டு வந்தால், வெட்டுமுன் கூலியைப் பேசிக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். நூல் செலவையும் சேர்த்து.